சிவப்பாக ஒளிரும் செல்கள்: தருமபுரியில் ஒரு குவாண்டம் டாட் கிட்டுடன் எட்டு மாதம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். செல்லுக்குள் ஒளிரும் நிறம் ஏற்றி, அது எங்கே போகிறது என்று தடம் பிடிக்க உதவும் இந்த குவாண்டம் டாட் கிட் ஒன்றை வாங்க என் ஒரு மாதச் சம்பளம் போதவில்லை. பாதியைக் கல்லூரி கொடுத்தது. மீதியை நானும், என்னோடு பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்யும் தோழியும் போட்டோம். அந்தப் பணத்துக்கு வந்தவை இரண்டு சின்னக் குப்பிகள். ஒன்றில் ஒளிரும் நானோ துகள்கள், இன்னொன்றில் அவற்றைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது.

தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விற்றவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அவை ஒரு சிறிய ஆய்வகத்தில் நான் பார்த்தவை மட்டும். இந்த வகையில் எந்த கிட்டை வாங்கினாலும் நீங்கள் பார்க்க வேண்டியது ஏறக்குறைய இதுவேதான்.

நான் தருமபுரியில், பென்னாகரம் சாலைப் பக்கம் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் உயிர்தொழில்நுட்பம் நடத்துகிறேன். என் ஆய்வு ஆட்டுக் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்கள், எலும்புச் செல்களாக மாறுவதைப் பற்றியது. எலும்பை ஏன் எடுத்தேன் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். என் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். பென்னாகரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில், அறுபது வருடம் ஒரே போர் தண்ணீரைக் குடித்தவர். கடைசி பத்து வருடம் அவரால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் திருப்புவார். இந்த மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் ப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டின் உச்ச வரம்பு. எங்கள் பக்கத்துப் பாறை அதை மதிப்பதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்த பிறகு பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் கறை குறைந்திருக்கிறது. பாட்டியின் எலும்புக்கு அது ரொம்பத் தாமதம்.

இதனால்தான் வகுப்பில் நான் ‘ப்ளோரசன்ஸ்’ (ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிர்வது) என்றதும் ஒரு மாணவி கையைத் தூக்கி, “மேம், ப்ளோரைடு தண்ணி மாதிரியா?” என்று கேட்டாள். கேள்வி சரியான கேள்வி. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். ப்ளோர்ஸ்பார் என்ற கல், அதாவது கால்சியம் ப்ளோரைடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு நீலமாக ஒளிரும். அந்தக் கல்லின் பெயரிலிருந்துதான் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-ல் ப்ளோரசன்ஸ் என்ற சொல்லை உண்டாக்கினார். எங்கள் கிட்டில் ப்ளோரைடு துளியும் இல்லை. அதில் இருப்பது வேறொன்று, அதையும் சொல்கிறேன்.

குவாண்டம் டாட் என்பது மிக நுண்ணிய ஒரு படிகம். எங்கள் கிட்டில் நடுவில் காட்மியம் செலினைடு, அதைச் சுற்றித் துத்தநாக சல்பைடு ஓடு, அதற்கும் மேலே தண்ணீரில் கரைந்து நிற்பதற்காக ஒரு பாலிமர் உறை. பொருள் அதேதான், அளவு மாறினால் நிறம் மாறும். ஏறத்தாழ 2 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) படிகம் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒளிரும், 6 நானோமீட்டர் சிவப்பாக ஒளிரும். இதைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காகத்தான் மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023-ன் வேதியியல் நோபல் பரிசு. உயிரணுக்களுக்கு நிறம் பூச இதைப் பயன்படுத்தலாம் என்று 1998-லேயே இரண்டு குழுக்கள் காட்டிவிட்டன. நாங்கள் வாங்கியது 655 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் சிவப்பு.

சரி, கிட் வந்த கதை.

ஏப்ரல் மாதம். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கூரியரில் வர வேண்டும். 130 சொச்சம் கிலோமீட்டர்தான், மூன்று நாள் ஆனது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தெர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் உருகியிருக்கும் என்றுதான் பயந்தேன். நடந்தது அதற்கு நேரெதிர். கல்போல உறைந்த ஜெல் பேக் இரண்டுக்கும் நடுவில், எந்தத் தடுப்பும் இல்லாமல், குப்பிகளைச் சொருகி அனுப்பியிருந்தார்கள். வழியில் உறைந்து, பிறகு உருகியிருக்கிறது. இந்தத் துகள்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைய விடவே கூடாது. உறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

கட்டியானதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அறையை இருட்டாக்கி, ரூபாய் நோட்டுச் சோதிக்கும் சின்ன யுவி டார்ச்சை அடியிலிருந்து பிடித்துப் பார்த்தேன். நல்ல குப்பியில் திரவம் முழுவதும் ஒரே சீராகச் செம்பருத்திச் சாறுபோல ஒளிர வேண்டும். இதில் மேலே மங்கலாக இருந்தது, அடியில் ரவை விழுந்ததுபோலச் சிவப்புப் பொடி. கையால் சுண்டினால் எழும்பிச் சுழன்றது, இரண்டு நிமிடத்தில் மறுபடி அடியில் உட்கார்ந்தது. அதை வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதலில் “நீங்கள் ஃப்ரீசரில் வைத்திருப்பீர்கள்” என்றார்கள். பெட்டியைத் திறக்கும்போதே எடுத்த படங்கள் இருந்தன, தேதியோடு. பன்னிரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு வேறு குப்பி வந்தது, இந்த முறை காகித அட்டைக்குள் சுற்றி. ஆகவே இந்த மாதிரிப் பெட்டியைத் திறக்கும்போது ஒருவர் திறக்க, ஒருவர் படம் எடுங்கள். அந்தப் படம் இல்லையென்றால் எங்கள் பணம் போயிருக்கும்.

அப்புறம் செல். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கறிக்கடை பாய்க்குப் போன் செய்வேன். “டீச்சர், இன்னிக்கு கிடாதான், கொழுப்பு நல்லா இருக்கு” என்பார். கிடாவா பெட்டையா என்பதை நான் ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அதற்குக் காரணம் பின்னால் வரும். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை, சூடு ஆறும் முன், ஆன்டிபயாட்டிக் கலந்த பஃபரில் (உப்புக் கரைசலில்) போட்டுத் தெர்மாஸ் பிளாஸ்கில் வண்டியில் கொண்டுவந்துவிடுவேன். பொடியாக நறுக்கி, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் கொழுப்பு மேலே மிதக்கும், நமக்கு வேண்டிய செல்கள் அடியில் இறங்கும். பிளாஸ்க்கின் தரையில் ஒட்டி வளர்வது, எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு என மூன்றாகவும் மாறக்கூடியது, இவை இருந்தால்தான் மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று சொல்லலாம். மேற்பரப்புப் புரதங்களையும் சோதிக்க வேண்டும். அதற்கான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் மனிதச் செல்லுக்குச் செய்தவை, ஆட்டுச் செல்லில் எல்லாம் ஒட்டுவதில்லை. அது தனிப் பாடு, இங்கே வேண்டாம்.

நிறம் ஏற்றும் வேலை சமையலைவிட எளிது. இரண்டு குப்பியிலிருந்தும் ஒவ்வொரு மைக்ரோலிட்டர் எடுத்துக் கலந்து, அறை வெப்பத்தில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். 200 மைக்ரோலிட்டர் மீடியம் (செல் வளர்க்கும் ஊட்டத் திரவம்) ஊற்றி அரை நிமிடம் நன்றாகக் கலக்கிச் செல்லின் மேல் விட வேண்டும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம். இரண்டு முறை கழுவ வேண்டும், அவ்வளவுதான். இறுதி அடர்த்தி 10 நானோமோலார். கிட்டோடு வந்த தாளில் உள்ள செய்முறை தெளிவாக இருக்கிறது, இளங்கலை மாணவர்கூடச் செய்துவிடலாம். இந்த விஷயத்தில் கிட்டுக்கு முழு மதிப்பெண்.

முதல் முறை பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்களிடம் இருப்பது பாதரச விளக்கு வைத்த பழைய ப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப். ஒருமுறை அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி போட வேண்டும், அதனால் கரண்ட் போகுமோ என்ற நினைப்பு எப்போதும் உண்டு. தோழி ஜன்னலில் கறுப்புத் துணியைக் கட்டினாள். முதலில் சாதாரண வெளிச்சத்தில் செல்களைப் பார்த்தேன், நீண்டு, இரண்டு பக்கமும் கூர்ந்து, தரையோடு படுத்திருந்தன. பிறகு ஃபில்டரை மாற்றினேன்.

ஒவ்வொரு செல்லிலும் கேழ்வரகு சிதறியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். செல் முழுவதும் பரவவில்லை. நடுவில் வட்டமாக ஒரு இருட்டு, அது உட்கரு. அதைச் சுற்றி, ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குவிந்து, புள்ளிகள். துகள்கள் எண்டோசோம் எனும் சின்னப் பைகளுக்குள் மாட்டிக்கொண்டு உட்கருவின் வாசல்வரை வந்து நிற்கின்றன, உள்ளே போகவில்லை. ஒரே இடத்தை விளக்கில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன், மங்கவில்லை. சாதாரணச் சாயமாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெளுத்துப்போய்விடும், படம் எடுப்பதற்குள் பதற்றமாகிவிடும். இதில் நிதானமாக எடுக்கலாம். தோழியும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆய்வகம் பூட்ட வந்த அண்ணனைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினேன். “இது ஆட்டோட உடம்பா மேடம்?” என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

இனி பாதுகாப்பு. காட்மியம் நஞ்சு, அதில் பேச்சே இல்லை. ஓடு சரியாக இருக்கும்வரை அது உள்ளே அடைந்து கிடக்கும். ஓடு இல்லாத காட்மியம் செலினைடு துகள்கள் காற்றிலும் புற ஊதா ஒளியிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து காட்மியம் அயனிகளை வெளியே விடுகின்றன, அவை கல்லீரல் செல்களைக் கொல்கின்றன என்பதை 2004-ல் அமெரிக்க ஆய்வாளர் சங்கீதா பாட்டியாவின் குழு காட்டியது. துத்தநாக சல்பைடு ஓடு போட்டால் அது குறைகிறது, ஆனால் முழுதாக நிற்பதில்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. இதைப் படித்ததிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி: லேமினார் ஹூட்டில் (கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டியில்) யுவி விளக்கைப் போடும் முன் கிட் வெளியே வந்துவிட வேண்டும். மாணவர்கள் ஹூட்டுக்குள்ளேயே குப்பியை விட்டுவிட்டு யுவி போட்டுச் சாப்பிடப் போவதை நான் இரண்டு முறை பிடித்திருக்கிறேன்.

10 நானோமோலாரில் எங்கள் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ட்ரிப்பான் ப்ளூ போட்டு எண்ணினால், நிறமேற்றிய செல்லிலும் ஏற்றாத செல்லிலும் நூற்றுக்கு ஐந்தாறுதான் நீலம், அதாவது செத்தவை. செல்லின் உயிர்ப்பை நிறத்தால் அளக்கும் எம்டிடி சோதனையிலும் வித்தியாசம் இல்லை. செல் இல்லாமல் துகள் மட்டும் போட்ட தட்டுக் குழி ஒன்றையும் சேர்த்து அளந்து கழித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துகள் உறிஞ்சும் ஒளியும் கணக்கில் ஏறிவிடும். ஒரு மாணவன் தவறுதலாகப் பத்து மடங்கு ஊற்றிவிட்டான். அந்தக் குழியில் மூன்றாம் நாள் செல்கள் உருண்டு, தரையை விட்டுக் கழன்று மிதந்தன. திட்டவில்லை, நோட்டில் எழுதச் சொன்னேன். ‘நச்சுத்தன்மை இல்லை’ என்று கிட்டின் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எந்த அளவுவரை என்பதும் அதே வரியில் இருந்திருக்க வேண்டும். இது முதல் புகார்.

உயிரோடு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. நமக்கு ஸ்டெம் செல் வேண்டும், வெறும் செல் அல்ல. நிறமேற்றிய பிறகும் அது எலும்பாக மாறுமா? குவாண்டம் டாட் ஏற்றியதால் எலும்பாக மாறுவது குறைந்தது என்று எழுதிய ஆய்வுகளும் உண்டு, மாற்றம் இல்லை என்பவையும் உண்டு. துகளும் அளவும் மேலுறையும் வெவ்வேறு, அதனால் அவரவர் கிட்டை அவரவரே சோதிக்க வேண்டும். நாங்கள் 21 நாள் எலும்பு மீடியத்தில் வளர்த்து, கால்சியம் படிந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் ரெட் போட்டோம். அங்கே ஒரு சிக்கல். அலிசரினும் கால்சியத்தோடு சேர்ந்தால் சிவப்பாக ஒளிரும். கிட்டும் சிவப்பு, சாயமும் சிவப்பு, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. மூன்று வார வேலை வீண். இரண்டாம் முறை, முதலில் ஒளிர்வைப் படம் எடுத்துவிட்டுப் பிறகு சாயம் போட்டோம். படிவு, நிறமேற்றிய தட்டிலும் ஏற்றாத தட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எலும்பு வேலை செய்பவர்கள் 655-ஐ வாங்காமல் பச்சை நிறக் கிட்டை வாங்குவது நல்லது. இதை விற்றவரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை.

இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அடுத்து வருவதற்காகத்தான்.

கிட்டின் தாளில் இப்படி ஒரு வாக்கியம்: நிறம் பக்கத்துச் செல்லுக்குப் போகாது, தாய்ச் செல்லிலிருந்து, அது பிரிந்து உண்டாகும் மகள் செல்லுக்கு மட்டுமே போகும். இது உண்மையானால்தான் ‘சிவப்பு இருக்கும் இடத்தில் நான் போட்ட செல் இருக்கிறது’ என்று சொல்ல முடியும். செல்லைத் தடம் பிடிப்பது என்றால் அதுதானே. சோதிக்காமல் விட மனம் வரவில்லை.

முதலில் உயிருள்ள செல்கள். சிவப்பு ஏற்றியவற்றையும், பச்சைச் சாயம் ஏற்றிய வேறு செல்களையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே தட்டில் மூன்று நாள் வளர்த்தோம். பச்சைச் செல்லுக்குள் சிவப்புப் புள்ளி இருந்தது நூற்றில் இரண்டோ மூன்றோதான். தாள் சொன்னது சரி.

பிறகு செத்த செல்கள். சிவப்பு ஏற்றிய செல்களை ஒரு குழாயில் எடுத்து, உறையவைத்து, 37 டிகிரி தண்ணீரில் உருக்கி, இப்படி மூன்று முறை. ட்ரிப்பான் ப்ளூ போட்டால் எல்லாமே நீலம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் கூழை, நிறமே ஏற்றாத உயிருள்ள செல்களின் மேல் ஊற்றி, ஒரு ராத்திரி விட்டோம். காலையில் மூன்று முறை கழுவினோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முந்தின நாள்வரை இருட்டாக இருந்த செல்களில் அதே கேழ்வரகுப் புள்ளிகள், உட்கருவைச் சுற்றி, அதே அடுக்கில். வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, ட்ரிப்சின் நொதி போட்டுச் செல்களைத் தரையிலிருந்து கழற்றி, வேறு தட்டில் விதைத்துப் பார்த்தோம். அப்போதும் உள்ளேதான் இருந்தது. நூறு செல் எண்ணினேன், 31-ல் சிவப்பு. தோழி வேறு இடத்தில் எண்ணினாள், 28.

அந்தப் படத்தையும் முதல் வெள்ளிக்கிழமை எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் துறைத் தலைவரிடம் காட்டினேன். அவரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியாது. ஒன்று நான் நிறமேற்றிய செல், இன்னொன்று செத்த செல்லின் மிச்சத்தைத் தின்ற வேறொரு செல்.

கண்ணாடித் தட்டிலேயே இப்படி. உடம்புக்குள் இதைவிட மோசமாகத்தான் இருக்கும். ஊசியில் செலுத்தும் ஸ்டெம் செல்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே செத்துவிடுவது தெரிந்த விஷயம். அவற்றை அள்ளித் தின்ன மேக்ரோபேஜ் செல்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன, அதுதான் அவற்றின் தொழில். மூன்று வாரம் கழித்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு “செல் பிழைத்திருக்கிறது, வேலை செய்கிறது” என்று ஒருவர் எழுதினால், அவர் பார்த்தது பிணம் தின்ற மேக்ரோபேஜாக இருக்கலாம். இது குவாண்டம் டாட்டுக்கு மட்டும் வரும் கேடு அல்ல. எம்ஆர்ஐயில் பார்ப்பதற்காக ஏற்றும் இரும்பு ஆக்சைடு துகளுக்கும் இதே கதிதான். செல்லே செய்துகொள்ளாமல் வெளியிலிருந்து ஏற்றிய எந்த அடையாளமும் செல் செத்த பிறகும் மிஞ்சும்.

எனவே இரண்டாவது ஒரு அடையாளம் வேண்டும். ஜெல்லி மீனிலிருந்து வந்த ஜிஎஃப்பி எனும் பச்சைப் புரதத்தின் மரபணுவை ஏற்றினால், உயிருள்ள செல் மட்டுமே அதைச் செய்துகொண்டே இருக்கும், செத்தால் நின்றுவிடும். அதற்கு மரபணுவில் கை வைக்க வேண்டும், எங்கள் ஆய்வகத்தில் அந்த வசதியும் அனுமதியும் இல்லை. நாங்கள் செய்வது பாயிடம் கேட்டுக் குறித்து வைத்ததை வைத்துத்தான். கிடாச் செல்லுக்குச் சிவப்பு ஏற்றிப் பெட்டைச் செல்களோடு வளர்த்தால், கிடாவுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமின் எஸ்ஆர்ஒய் மரபணு இருக்கிறதா என்று, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் பார்க்கலாம். சிவப்பு இருந்தும் ஒய் இல்லையென்றால், அந்தச் சிவப்பை நம்பக் கூடாது. இதற்குப் பைசா செலவில்லை, காலை ஆறு மணிக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும்.

செத்த செல் சோதனையைப் பற்றிக் கிட்டின் தாளில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் என் பெரிய குறை.

ஒளிர்வு எவ்வளவு நாள் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். செல் இரண்டாகப் பிரியும்போது துகளும் பங்காகிவிடும். முதல் நாள் எல்லாச் செல்லும் சிவப்பு. ஒரு வாரத்தில் பல செல்லில் நான்கைந்து புள்ளிதான். மூன்றாம் பாசேஜில், அதாவது மூன்றாம் முறை புதுத் தட்டுக்கு மாற்றியபோது, தேட வேண்டியிருந்தது. பங்கும் சமமாகப் போவதில்லை, ஒரு மகளுக்கு நிறைய, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை என்றும் பார்த்தேன். மெதுவாகப் பிரியும் செல்லுக்கும், குறுகிய காலச் சோதனைக்கும் இந்த கிட் போதும். மாதக்கணக்கில் பின்தொடர நினைத்தால் ஏமாற்றம்தான். சிவப்பு இல்லாத செல் உங்கள் செல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

கழிவு. கழுவிய மீடியத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள். எங்கள் சாக்கடை போய்ச் சேருவது ஏரியில். காட்மியம் உள்ளதையெல்லாம் தனி வெள்ளைக் கேனில் சேர்த்து, பேர் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறோம், அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க. எட்டு மாதத்தில் கால் கேன். விற்றவரிடம் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்றதற்குப் பதிலே இல்லை.

மாற்று உண்டா? கார்பன் டாட்டை, அதாவது கார்பனால் ஆன ஒளிரும் நானோ துகளை, நாங்களே செய்து பார்த்தோம். ஆரஞ்சுச் சாற்றிலிருந்து ஒடிசாவில் 2012-லேயே செய்திருக்கிறார்கள். நாங்கள் கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலையிலிருந்து பெங்களூரா மாம்பழக் கூழ் வாங்கி, டெஃப்லான் உறை போட்ட ஸ்டீல் பாத்திரத்தில் 180 டிகிரியில் சூடாக்கினோம். பழுப்பு நீர் வந்தது, யுவி டார்ச்சில் அழகான நீலம். காட்மியம் இல்லை, செலவு இல்லை, மாணவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் செல்லே தன் பங்குக்கு லேசாக நீலமாக ஒளிரும், உட்கருவுக்குப் போடும் சாயமும் நீலம். அதற்குள் கார்பன் டாட் தொலைந்துவிடுகிறது. வகுப்பில் காட்ட நல்லது, தடம் பிடிக்க இன்னும் இல்லை. நானோ வைரம் மங்குவதே இல்லை, நஞ்சும் குறைவு. தைவானில் 2013-ல் நுரையீரல் ஸ்டெம் செல்லில் ஏற்றி எலிக்குள் பின்தொடர்ந்தார்கள். அதைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா. அவர் மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறான். நான் ஸ்டெம் செல் படிக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “கண்ணு, அந்த ஊசி போட்டா எந்திரிச்சிடுவானா? நிலத்தை வித்துடலாமான்னு அவங்கப்பா கேக்கறாரு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டியின்படி, இரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை எதுவும் வழக்கமான சிகிச்சை அல்ல. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையில் மட்டும்தான் கொடுக்கலாம், சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நிலத்தை விற்காதீர்கள் அக்கா என்றேன். போட்ட செல் எங்கே போனது, உயிரோடு இருக்கிறதா என்பதை ஆட்டுக் கொழுப்பில்கூட எட்டு மாதமாக உறுதியாகச் சொல்ல முடியாமல் நான் நிற்கிறேன். அந்த ஊசிக்காரர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? இந்த கிட்டும் மனிதருக்கு அல்ல. குப்பியிலேயே ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தரை நானோமீட்டருக்குக் கீழே இருக்கும் துகளைத்தான் சிறுநீரகம் வடித்து வெளியே விடும். உறையோடு சேர்த்து இவை அதைவிடப் பெரியவை, கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும்.

மதிப்பெண் கேட்பீர்கள். பயன்படுத்தும் எளிமைக்கு ஐந்துக்கு ஐந்து. ஒளிர்வுக்கும் ஐந்து. தாளில் உள்ள தகவலுக்கு இரண்டு. விற்றவரின் சேவைக்கு ஒன்றரை, அந்த அரை மாற்றுக் குப்பி கடைசியில் வந்ததற்காக. மொத்தத்தில் மூன்றரை. மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன், பச்சையில்.

வாங்குகிறவர்களுக்கு: ஏப்ரல், மே மாதங்களில் வரவழைக்காதீர்கள். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிறு நடுவில் வராது. குப்பிக்கும் ஜெல் பேக்குக்கும் நடுவில் அட்டை வைக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ஆய்வக ஃப்ரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே உறையும், நடுத் தட்டே போதும். முதல் நாளே ஒரு பகுதியை எடுத்துச் செத்த செல் சோதனைக்கென்று ஒதுக்கிவிடுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் குப்பி காலியாகியிருக்கும். எங்கள் குப்பியில் இன்னும் 40 மைக்ரோலிட்டர் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் இதே வேலை செய்யும் மாணவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பத்து மைக்ரோலிட்டர் தருகிறேன். ஐஸ் பெட்டியும் அட்டையும் நீங்களே கொண்டுவாருங்கள்.